இரண்டாம் சங்கு

முதல் சங்கு ஊதியதும் நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, விழுத்தப்போகிற கட்டடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. புல்வெளி நிறைய நின்ற சனம் கட்டடத்தையே பார்த்திருக்க, சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட இரண்டு பெண்களும் மூன்று ஆண்களும் மட்டும் மறுபக்கம் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் எப்படி இருக்கும்? பிள்ளைத் தள்ளுவண்டிலோடு பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண், உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். திறந்த வாயோடு என்ன பதில் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. மார்ச் மாதமாக இருக்க வேண்டும். வெயில் இருந்தது, சூடு இல்லை. கிழக்கு லண்டனில் கவுன்சில் கட்டிய உயரமான மாடிவீடு ஒன்று, ஈரமும் பூஞ்சணமும் ஏறி, இனித் திருத்தவே முடியாது என்றாகிவிட்டது. வெடி வைத்து விழுத்தப் போகிறார்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு சனம் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. ஐஸ்கிறீம் வான்கூட வந்து நின்றது.

எங்களைக் கூப்பிட்டவர் சிவம் அண்ணை. எங்கள் ஊர்க்காரர், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். "எங்கட சனம் ஒழுங்கான வெடி பாத்து எவ்வளவு காலம்! வாருங்கோ, பாத்திட்டு என்ரை வீட்டை வந்து சாப்பிடுவம்" என்று போனில் சொன்னார். அவரும் அவருடைய தம்பிமார் இரண்டு பேரும், நானும், என் அக்கா பூமணியும். என் வீட்டுக்காரர் வரவில்லை, இவருக்கு அன்று பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட்.

அக்காவின் முழங்கை என் முழங்கையோடு முட்டிக்கொண்டிருந்தது. 

பச்சை இல்லாத ஊர்

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். எப்போது பார்த்தாலும் லண்டன் கதையாகவே எழுதுகிறீர்கள், உங்கள் ஊரின் பசுமையைப் பற்றி ஒரு வாரமாவது எழுதக்கூடாதா என்று. ஐயா, எழுதுவதற்கு எங்கள் ஊரில் பசுமை இருந்தால்தானே? முருங்கை இலைகூட அங்கே வெள்ளையாகத்தான் இருக்கும்.

வடக்கே, கடலுக்குக் கிட்ட இருந்த ஊர். மண்ணை ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை உடைத்து, சுட்டு, அரைத்துச் சீமெந்தாக்கும் ஆலை வந்தது. ஆலைக்குப் பின்னால்தான் ஊரே வந்தது. வரைபடத்தில் அதற்கு வேறு பெயர். சுற்றியிருந்த ஊர்க்காரருக்கு நாங்கள் "கிடங்கடியார்". கல் வெட்டி எடுத்த பெரிய பள்ளம்தான் கிடங்கு; அதன் ஓரத்தில் குடியிருந்தோம் அல்லவா, அதனால்.

தோட்டக்கார ஊர்களில் இருந்து சம்பந்தம் பேச வருகிறவர்கள் கதிரையில் இருக்கும் முன் விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது. "சீமெந்துப் புழுதிதான், கடிக்காது. உங்கட வீட்டுச் சுவரில இருக்கிறதும் இதுதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவா. அதனாலேயே எனக்கு இரண்டு சம்பந்தம் தவறியது என்பது வேறு கதை.

புழுதி கூரையில் படிந்து, மழை பெய்ததும் இறுகிவிடும். எங்கள் வீட்டுக் கூரையை மழைதான் பூசித் தந்தது என்று அப்பா சிரிப்பார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் உடுப்புக் காயப்போடுவோம். மார்கழியில் கோலம் போட வெள்ளை மா வேண்டியதில்லை என்று சிவம் அண்ணை பகிடி விடுவார். ஆனாலும் அந்தப் புழுதியில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. கொழும்பில் ஒரு புதுக் கட்டடம் எழும்பினால், அதில் பாதி எங்கள் ஊர் என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன்.

சிவப்புக் கொடி

ஒவ்வொரு நாளும் மத்தியானத்துக்குச் சற்று முன் கிடங்கில் வெடி வைப்பார்கள். எங்கள் ஊரின் வாழ்க்கை முழுவதும் அந்த வெடியைச் சுற்றித்தான் நடந்தது.

முதலில் சைக்கிளில் கொடிக்காரர் வருவார். ஒரு கையில் சிவப்புக் கொடி, மறு கையில் ஹாண்டில், மணி விடாமல் அடிக்கும். "வெடி! வெடி! யன்னலைத் திறவுங்கோ!" என்று ஒவ்வொரு ஒழுங்கையாகக் கத்திக்கொண்டு போவார். யன்னல் சாத்தியிருந்தால் அதிர்ச்சியில் கண்ணாடி போய்விடும். திறந்துவிட வேண்டும். தட்டில் இருக்கும் கோப்பைகளை நிலத்தில் இறக்கி வைக்க வேண்டும். உலைப்பானையை இறக்க வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆலைச் சைரன் ஊதும்; அதுதான் முதல் சங்கு. கிடங்குக்கு முதுகைக் காட்டி, வாயைத் திறந்து காதைப் பொத்திக்கொண்டால் வெடி காதுக்குள் அடிக்காது.

வெடித்ததும் வெளியே ஓடிவிட முடியாது. சில வேளை ஒரு குழியில் மருந்து உடனே பற்றாமல் கிடந்து பிறகு வெடிக்கும். ஆட்கள் இறங்கி, எல்லாம் வெடித்ததா என்று குழி குழியாகப் பார்த்த பிறகுதான் இரண்டாம் சங்கு ஊதும். அதுவரை ஒருவரும் வாசல் தாண்டக்கூடாது. கல்யாண மாப்பிள்ளை ஆனாலும் சரி. ஒருமுறை ஒரு பிரேதமே சந்தியில் காத்து நின்றது. இரண்டாம் சங்குக்குப் பிறகு கொடிக்காரர் திரும்ப வருவார். "ஊதிப்போட்டுது! சாத்துங்கோ!"

அந்தக் கொடிக்காரர்தான் நடராசா அத்தான்.

அப்போது அவர் அத்தான் ஆகவில்லை. எங்கள் வீட்டு யன்னல் மட்டும் அவர் ஒருமுறை கத்தினால் திறக்காது. சைக்கிளை நிறுத்தி, "பிள்ளை, கேக்கேல்லையே?" என்பார். உள்ளே இருந்து அக்கா, "கேட்டது. இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்பாள். கொஞ்ச நாளில் அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கதிரையைத் தடவிப் பார்க்காத மாப்பிள்ளை என்று சொல்லி உடனே கல்யாணத்தைச் செய்து வைத்தா.

சந்தோசப்பட்ட நாள்

எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி லண்டனுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அக்காவும் சிவம் அண்ணையும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சண்டை மூண்ட காலம். வடக்கே வெடிமருந்து கொண்டுவரத் தடை வந்தது. கிடங்கு ஓய்ந்தது. கல் இல்லாமல் ஆலையும் ஓய்ந்தது. சங்கு ஊதவில்லை. மாசக் கணக்கில் மழை கழுவிக் கழுவி முருங்கை பச்சையாகிவிட்டது. மரம் பச்சையானதைப் பார்த்துக் கவலைப்பட்ட சனம் உலகத்தில் எங்கள் ஊர்ச் சனமாகத்தான் இருக்கும்.

ஒருநாள் மத்தியானம், வழக்கமான நேரத்துக்கு, ஒரு பெரிய சத்தம். நிலம் பழையபடி அதிர்ந்தது.

ஊர் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. "வேலை துவங்கிட்டுது!" என்று சிவம் அண்ணை தெருவில் நின்று கை தட்டினாராம். அவருடைய தம்பி பிள்ளையார் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தப் போனாராம்.  எங்கள் ஊரில் விழுந்த முதல் ஷெல் குண்டுக்குச் சனம் கை தட்டியது.

அக்காவுக்கு முதலில் சந்தோசம், பிறகு கோபம். அத்தான் முற்றத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் இஞ்சை இருக்கிறியள். உங்களை விட்டிட்டு ஆரைக் கொடிக்குப் போட்டவங்கள்?"

"கொடி இல்லாமல் வெடிக்கமாட்டாங்களே..." அத்தான் யோசித்தாராம். "என்னைத் தேடியிருப்பாங்கள். நான் ஓடிப் போறன்."

அக்கா பெட்டியில் தோய்த்து மடித்து வைத்திருந்த சிவப்புக் கொடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாறன்" என்று சொல்லி அவர் சைக்கிளில் ஏறினார். போகிற வழியெல்லாம் கடமை தவறாமல், "வெடி! வெடி! யன்னலைத் திறவுங்கோ!" என்று கத்திக்கொண்டு போனார். சனம் யன்னலைத் திறந்தது. கோப்பைகளை இறக்கியது. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது.

அடுத்த சத்தம் கிடங்குப் பக்கம் கேட்கவில்லை, சந்தைப் பக்கம் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு விளங்கியது. கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போது சிவம் அண்ணை கடைசியாகத் திரும்பிப் பார்த்திருக்கிறார். ஆலை வாசல் வளைவில் அத்தான் கொடியை உயர்த்திப் பிடித்தபடி கிடங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அக்கா ஓடவில்லை. "இரண்டாம் சங்கு ஊதேல்லை, நான் வரமாட்டன்" என்று நின்றாள். பொழுதுபட அயலார் இரண்டு பேர் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். வீட்டு யன்னல்கள் எல்லாம் திறந்தபடி கிடந்தன. அடுத்த நாள் அந்தப் பக்கம் ஆமி ஒருவரையும் விடவில்லை. பிறகு ஒருபோதும் விடவில்லை. அத்தானைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

லூயிஷாம் வீட்டு யன்னல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா கொழும்பு வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தாள். லூயிஷாமில் இரண்டு அறை வீடு. வந்த அன்றே, சமைக்கிற குசினியின் யன்னலை ஒரு சாண் அளவு திறந்து வைத்தாள்.

முதலில் புகை போகட்டும் என்று விட்டேன். அவள் அதைப் பகலிலும் சாத்தவில்லை, இரவிலும் சாத்தவில்லை. பனி கொட்டியபோதும் சாத்தவில்லை. தேங்காய் எண்ணெய் வருசம் முழுக்கப் போத்தலுக்குள் கட்டியாகக் கிடக்கும். "தெருவையும் சேத்து நாங்கள்தான் சூடாக்கிறம்" என்று இவர் ஜக்கெட்டோடு சோறு சாப்பிட்டுக்கொண்டே முணுமுணுப்பார். நான் பொறுமைசாலி இல்லை. சத்தம் போட்டிருக்கிறேன், முதல் வருசம் அவள் தூங்கியதும் சாத்தியும் இருக்கிறேன். விடிய எழும்பிப் பார்த்தால் திறந்திருக்கும்.

"அக்கா, இது லண்டன். இஞ்சை ஆர் வெடி வைக்கிறது?"

"ஊதினாப் பிறகு சாத்துவம்" என்பாள். வேறு பேச்சில்லை.

மற்ற எல்லாவற்றிலும் தெளிவானவள். பஸ் நம்பர் எல்லாம் பாடம். சந்தையில் நல்ல கத்தரிக்காய் எந்தத் தட்டில் என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். இந்த ஒன்றில் மட்டும் அசையமாட்டாள். ஒரே ஒருமுறை, பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது, "கொடியை எடுத்துக் குடுத்தது நான்தானேயடி" என்றாள். 

இதில் இன்னொருவரும் தவித்துக்கொண்டிருந்தார். அத்தானின் தமையன், பரமு அண்ணை. ஹரோவில் வீடு. கணக்காளர் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நெஞ்சு வருத்தம், மருந்தில் இருப்பவர். மாசத்தில் ஒருமுறை ரெயில் மாறி மாறி வந்து எங்கள் குசினியில் ஓவர்கோட்டைக் கழற்றாமல் இருப்பார்.

"பிள்ளை, ஒரு திதியைப் பாத்து அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வம். அவன் அலையக்கூடாது. நான் உயிரோட இருக்கேக்கை செய்துபோட வேணும்."

அக்கா அவர் முன் தேத்தண்ணியை வைப்பாள். "அண்ணை, இன்னும் ஊதேல்லை."

அவர் அதற்கு மேல் வற்புறுத்தமாட்டார். அக்கா சம்மதிக்காமல் செய்யவும் மாட்டார். ஒருநாள் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். பிளாட்போமில் நின்றபடி, "என்ரை தம்பிக்கு ஒரு பிடி அரிசி போடாமலே நான் போயிடுவன் போல கிடக்கு" என்று சொல்லி அழுதார். அக்கா மேல் எனக்கு அன்று ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து, குளிருக்குள் குளிர்ச்சட்டையோடு அடுப்படியில் நின்ற அவளைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

மாடிவீட்டு வெடிக்குச் சிவம் அண்ணை அழைத்ததைச் சொன்னபோது, அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் காய் வெட்டின கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இரண்டாம் சங்கும் ஊதுவினமோ எண்டு கேள்."

சிவம் அண்ணை கவுன்சில் ஆட்களிடம் விசாரித்துவிட்டு மறுநாள் போன் எடுத்தார். "ஓம், இரண்டும் ஊதுமாம்." அக்கா வந்தாள்.

புழுதி

அப்படித்தான் அந்தப் புல்வெளியில் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

பட்பட் என்று அடுக்காக வெடித்தது. கால்வழியாக அதிர்வு ஏறியது. நான் திரும்பிப் பார்த்தேன். கட்டடம் இடுப்பில் நொறுங்கி, அப்படியே கீழே இறங்கியது. சனம் கை தட்டியது, விசிலடித்தது. அந்தக் கை தட்டலைக் கேட்கச் சிவம் அண்ணைக்குத் தாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு புழுதி வந்தது. வெள்ளைப் புழுதி. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. அக்கா கையை நீட்டி வைத்திருந்தாள். உள்ளங்கையில் படிந்ததை மறு கை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். "எங்கடதுதான்" என்றாள்.

வேடிக்கை முடிந்தது என்று ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டது. நாங்கள் ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். தூரத்தில் மஞ்சள் ஜக்கெட் போட்டவர்கள் இடிபாட்டைச் சுற்றி மெல்ல நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் பிடித்தது. ஊதாமல் விட்டால்? மறந்துபோனால்? இவர்களுக்கு அது ஒரு சத்தம்தானே. பிள்ளையாரே, இந்த ஒருமுறை ஊதச் சொல்லு என்று வேண்டிக்கொண்டேன்.

ஊதியது. நீளமாக ஊதியது.

சிவம் அண்ணை பழக்கதோசத்தில், புல்வெளி முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார். "ஊதிப்போட்டுது! சாத்துங்கோ!"

கத்திய பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா ஈரப் புல்லில் அப்படியே குந்திவிட்டாள். "ஊதிப்போட்டுதடி, சரசு" என்றாள். "ஊதிப்போட்டுது. அவர் வரேல்லை." அதற்குப் பிறகு அழுதாள். ஊரில் அழவில்லை, கொழும்பில் அழவில்லை, என்னை எயார்போட்டில் கண்டபோதும் அழவில்லை. அத்தனையையும் அங்கே அழுதாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். தள்ளுவண்டில் பெண் ஓடிவந்து கடதாசிக் கைக்குட்டை தந்தாள். அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் என்று நினைத்திருப்பாள் போல.

சிவம் அண்ணை வீட்டில் நாங்கள் சாப்பிடவில்லை. "இண்டைக்கு உங்கட வீடு செத்தவீடு. அடுப்பு மூட்டவேண்டாம். நான் சோறு கொண்டுவாறன்" என்று சொல்லி அவரே எங்களை ஸ்டேஷனில் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போனாள். யன்னலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வருசக் கணக்காகத் திறந்தே கிடந்து, மழையில் சட்டம் ஊறிப் பருத்திருந்தது. நானும் பக்கத்தில் போய்ப் பிடித்தேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தோம். கடைசியில் ஒரு சத்தத்தோடு சாத்துப்பட்டது. அதற்குப் பிறகு வெளியே பஸ் போவது கேட்கவில்லை.

"பரமு அண்ணைக்குப் போன் எடு" என்றாள் அக்கா. "அவர் கொடியோட போன அந்த நாள்தான் திதியெண்டு சொல்லு."

நான் போனில் சொன்னேன்.  அவர், "சாத்திப்போட்டாளோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன்.

போனை வைத்துவிட்டு வந்து நாங்கள் இருவரும் மேசைக்கு இரு பக்கமும் கதிரையில் இருந்தோம். ஹீற்றர் மெல்லச் சூடேறியது. கண்ணாடியில் ஆவி படிந்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவின் நெற்றி வியர்த்தது. வந்த நாள் தொடக்கம் அந்தக் குசினியில் கழற்றாத குளிர்ச்சட்டையை மெதுவாகக் கழற்றிக் கதிரையில் போட்டாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எடியே, இவ்வளவு காலமும் உங்களை அந்தக் குளிருக்குள்ளையோ வைச்சிருந்தனான்?"